சிவப்புப் பொட்டு வைத்த கூடுகள்

அல்லிக்குளத்தின் மேல் சாய்ந்து நின்ற கருவேல மரத்தில் ஒரு தூக்கணாங்குருவிக் கூட்டம் குடியிருந்தது. மரம் முழுக்க முள். கீழே ஆழமான தண்ணீர். பாம்பு ஏறாது, பூனை எட்டிப் பார்க்காது. ஆனால் கூடு அறுந்தால் நேராகக் குளம்தான்.

அதனால் அந்த மரத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கூடு பாதி கட்டியதும் வெடுக்கி என்ற பெண் குருவியைக் கூப்பிட வேண்டும். வெடுக்கி கூட்டின் கழுத்தைக் கவ்விக்கொண்டு தொங்குவாள். அவள் காலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு குருவி தொங்கும். இரண்டும் சேர்ந்து பத்து வீச்சு ஆடும். பிறகு வெடுக்கி ஒவ்வொரு நாராக வெடுக் வெடுக்கென்று இழுத்துப் பார்ப்பாள். அந்தப் பெயரே அப்படி வந்ததுதான். தாங்கினால் அது கூடு. தாங்காவிட்டால் குளத்துக் குப்பை.

பத்துக் கூட்டில் நாலு குப்பையாகிவிடும். ஆண் குருவிகளுக்கு வயிறு எரியும்.

"அஞ்சு நாள் வேலை! ஒரே இழுப்புல போச்சே!" என்று ஒரு குருவி கத்தும்.

"இன்னைக்கு நான் இழுத்தேன், காலிக் கூடு விழுந்துச்சு. ஆடி மாசம் காத்து இழுக்கும். அப்போ உள்ள உன் குஞ்சு இருக்கும்! எது தேவலை?" என்று வெடுக்கி திருப்பிக் கேட்பாள்.

பதில் சொல்ல முடியாதபடி பேசுகிறவர்களை யாருக்குத்தான் பிடிக்கும்? வெடுக்கியை அந்த மரத்தில் யாருக்கும் பிடிக்காது.

அந்த வருஷம் கூட்டத்துக்கு மஞ்சணன் தலைவன். நல்லவன்தான். சுறுசுறுப்பானவன். அவன் மனைவி குருந்தி அந்த வருஷம்தான் முதல் முறையாக முட்டையிடப் போகிறாள். அவளுக்காக வயல்வயலாகப் போய்ப் பச்சை நெல் தாளைக் கிழித்து வந்து கூடு பின்னினான். வெடுக்கி அதில் தொங்கினாள், ஆடினாள், இழுத்தாள். கூடு அசையாமல் தாங்கியது.

"பரவாயில்லை" என்றாள் வெடுக்கி. அவள் வாயிலிருந்து வரக்கூடிய பெரிய பாராட்டு அதுதான்.

மஞ்சணனுக்கு அது போதவில்லை. எதிர்க்கரைப் பனைமரத்தில் இன்னொரு குருவிக் கூட்டம் இருந்தது. அவர்கள் எல்லாக் கூட்டையும் கட்டி முடித்துவிட்டு, குளத்துக்கு இந்தப் பக்கம் வந்து கேலி செய்தார்கள்.

"என்னப்பா, இன்னும் கட்டிக்கிட்டுத்தான் இருக்கீங்களா? நீங்க கட்டறீங்க, உங்க ஆளே பிய்க்குது! நல்ல குடும்பம்!"

மஞ்சணனுக்கு முகம் செத்துப்போயிற்று. அன்றைக்கே பறந்து கிழக்குத் தோப்புக்குப் போனான்.

அந்தத் தோப்பில் கொண்டையார் என்ற மரங்கொத்தி இருந்தார். எந்த மரத்தையும் மூன்று முறை தட்டி, உள்ளே பொந்தா கெட்டியா என்று சொல்லிவிடுவார். அவர் சொன்னால் தோப்பில் மறுபேச்சு கிடையாது.

"ஐயா, இனிமே எங்க கூட்டையெல்லாம் நீங்கதான் பார்த்துச் சொல்லணும். எங்க மரத்துல ஊர்ற எறும்பு பூராவும் உங்களுக்கு!" என்றான் மஞ்சணன்.

கொண்டையார் நேர்மையான பறவை. கொஞ்சம் யோசித்தார்.

"தம்பி, நாங்க மரத்தைத் தட்டிப் பார்க்கறவங்க. தொங்கற கூடு எங்களுக்குப் பழக்கமில்லை. அது காத்துல எவ்வளவு ஆடும்? எவ்வளவு கனம் தாங்கணும்?"

"அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம் ஐயா. சுவர் கெட்டியா இருக்கா, வாசல் வட்டமா இருக்கா, இது ரெண்டை மட்டும் சொல்லுங்க. போதும்!"

"சரி. சொன்னதைப் பார்க்கறோம்" என்றார் கொண்டையார்.

மஞ்சணன் திரும்பி வந்து கூட்டத்தைக் கூட்டினான். "இனி கொண்டையார் தட்டிப் பார்ப்பார். தேறின கூட்டு வாசல்ல அத்திப்பழச் சாறு தொட்டு சிவப்புப் பொட்டு வைப்பார். பொட்டு இல்லாத கூட்டுல யாரும் குடி போகக் கூடாது. வெடுக்கி அக்கா, நீங்க இவ்வளவு நாள் பட்ட பாடு போதும். ஓய்வா இருங்க!"

ஆண் குருவிகள் சிறகடித்துக் கூத்தாடின.

"மஞ்சணா, அவர் எதுல குடியிருக்கார்?" என்று கேட்டாள் வெடுக்கி.

"மரப்பொந்துல."

"பொந்து ஆடுமா?"

"எல்லாத்துக்கும் ஒரு குதர்க்கம் வச்சிருப்பீங்களே! அவர் பேர் பெத்தவர் அக்கா!"

"இருக்கட்டும். அலகால தட்டு வாங்கவா நாம கூடு கட்டறோம்? தொங்கறதுக்குக் கட்டறோம்" என்றாள் வெடுக்கி. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் கொண்டையார் வந்தார். தலைவன் கூடு என்பதால் முதலில் மஞ்சணன் கூட்டைத் தட்டினார். பச்சைத் தாளில் பின்னிய கூடு அல்லவா? சத்தமே வரவில்லை. அலகு மெத்தென்று அமுங்கியது. மூன்று முறை தட்டிவிட்டுத் தலையை ஆட்டினார்.

"சுவர் மெத்துன்னு இருக்கு தம்பி. கெட்டின்னு என்னால சொல்ல முடியாது. பொட்டு கிடையாது."

கூட்டமே பார்த்துக்கொண்டிருந்தது. மஞ்சணனுக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அடுத்தது ஒரு சோம்பேறிக் குருவியின் கூடு. வயலுக்குப் போகச் சலித்துக்கொண்டு, தென்னை மரத்தடியில் கிடந்த காய்ந்த நாரைப் பொறுக்கி, ஓட்டை தெரியாமல் உள்ளே களிமண்ணை அப்பி வைத்திருந்தான். கொண்டையார் தட்டினார்.

டொக்! டொக்! டொக்!

"நல்ல கெட்டி!" என்று சிவப்புப் பொட்டை வைத்தார்.

அவ்வளவுதான். எல்லாருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. அடுத்த நாளிலிருந்து ஒரு குருவியும் வயல் பக்கம் போகவில்லை. காய்ந்த நாரும் களிமண்ணும் தேடி அலைந்தார்கள். காய்ந்த நார் மடக்கினால் ஒடியும் என்பது முட்டையிலிருந்து வந்த அன்றே குருவிக்குத் தெரியும். மண் கூடக்கூட கூடு கனக்கும் என்பதும் தெரியும். ஆனால் தட்டினால் டொக் என்று கேட்டதே! ஒன்பது நாளில் மரத்தில் இருபது புதுக்கூடு, இருபதிலும் சிவப்புப் பொட்டு. எதிர்க்கரைக்காரர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

மஞ்சணனும் பழைய கூட்டை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்துக் கிளையில் புதுக்கூடு கட்டினான். தலைவன் கூடு என்பதால் மண்ணை இன்னும் ஒரு பூச்சு அதிகமாகவே பூசினான்.

குருந்தி முட்டையிடும் நாள் வந்தது. அவள் புதுக்கூட்டின் வாசலில் உட்கார்ந்து உள்ளே பார்த்தாள். வெளியே பார்த்தாள்.

"ஏங்க, எனக்கு என்னமோ பயமா இருக்கு. வெடுக்கி அக்காவை ஒரே ஒரு தடவை தொங்கிப் பார்க்கச் சொல்லட்டுமா?"

"நல்லா இருக்கே! நானே ஒரு ஏற்பாடு பண்ணிட்டு, என் கூட்டையே இழுத்துப் பார்க்கச் சொன்னா மத்தவங்க என்ன நினைப்பாங்க?"

"அப்போ பழைய கூட்டுலயே இருந்துக்கறேனே. அதை அக்கா ஆட்டிப் பார்த்தாங்களே."

"அதுல பொட்டு இல்லை குருந்தி!"

குருந்தி புதுக்கூட்டுக்குள் போனாள். மூன்று முட்டை இட்டாள். மூன்றும் பொரிந்தன. கண் திறக்காத மூன்று குஞ்சுகள், அப்பன் சிறகுச் சத்தம் கேட்டாலே வாயைப் பிளந்தன. மஞ்சணன் புழு கொண்டுவந்து மாளவில்லை. "பார்த்தியா, நீ வீணா பயந்தே!" என்று அவளைச் சீண்டுவான். அவளும் சிரிப்பாள். அவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள். அதை நினைத்தால்தான் மனசு வலிக்கிறது.

ஆடி பிறந்து ஆறாம் நாள், உச்சி வெயில் நேரத்தில் காற்று எழுந்தது. முதலில் குளத்துத் தண்ணீரில் சுருக்கம் விழுந்தது. பிறகு கருவேலங்கிளைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. கூடுகள் ஆடத் தொடங்கின.

பச்சை நார் என்றால் வளைந்து கொடுக்கும். காய்ந்த நாருக்கு அது தெரியாது. சோம்பேறிக் குருவியின் கூடுதான் முதலில் போனது. படக் என்று ஒரு சத்தம். பிறகு பக்கத்துக் கூடு. பிறகு அதற்கும் பக்கத்துக் கூடு. மண் பூசிய கூடுகள் தண்ணீரில் விழுந்து, மிதக்கக்கூட இல்லாமல் நேராக உள்ளே போயின. மரம் முழுக்கத் தாய்க்குருவிகளின் அலறல்.

வெடுக்கி ஓய்வாக இருக்கவில்லை. குருந்தியின் கூட்டை நோக்கிப் பாய்ந்து வந்து, ஒடியப்போகும் நாரை அலகால் கவ்விக்கொண்டாள்.

"மஞ்சணா! மறுபக்கம் பிடி!" என்று கத்த அவளுக்கு வழியில்லை. வாயைத் திறந்தால் நார் நழுவிவிடும். கண்ணால்தான் கூப்பிட்டாள். மஞ்சணன் வந்து மறுபக்கம் கவ்வினான். குருந்தி அடியிலிருந்து முட்டுக் கொடுத்தாள். மூன்று குருவிகள் எவ்வளவு நேரம் தாங்கும்? உள்ளே குஞ்சுகள், அம்மா இரை கொண்டுவந்துவிட்டாள் என்று நினைத்து வாயைப் பிளந்து கத்தின.

படக்.

குளம் ஒரு முறை வட்டம் போட்டது. பிறகு காற்று அந்த வட்டத்தையும் கலைத்துவிட்டது.

காற்று அடங்கியதும் மஞ்சணன் கிழக்குத் தோப்புக்குப் பறந்தான். கொண்டையார் பொந்து வாசலில் இருந்தார்.

"நல்ல கெட்டின்னு சொன்னீங்களே! எங்க மரத்துல ஒரு குஞ்சு மிஞ்சலை! ஏன் சொன்னீங்க?" என்று கதறினான்.

"கெட்டியாத்தான் இருந்துச்சு தம்பி. காத்துல எவ்வளவு ஆடும்னு நான் கேட்டேனே. நீதான் அதை நாங்க பார்த்துக்கறோம்னு சொன்னே" என்றார் கொண்டையார்.

மஞ்சணன் குளத்துக்குத் திரும்பினான்.

கருவேல மரம் மொட்டையாக நின்றது. ஒரே ஒரு கூடு மட்டும் கிளை நுனியில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அவன் முதலில் கட்டிய பச்சைத் தாள் கூடு. இப்போது பழுத்து மஞ்சளாகியிருந்தது. ஒரு நார்கூட அறவில்லை. வாசலில் பொட்டு இல்லை. உள்ளே ஒன்றும் இல்லை.

அதன் கழுத்தைக் கவ்விக்கொண்டு குருந்தி தொங்கிக்கொண்டிருந்தாள். காலைப் பிடித்துக்கொண்டு வெடுக்கி தொங்கினாள். இரண்டும் ஆடின. ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்து வீச்சு. கூடு தாங்கியது. குருந்தி விடவில்லை. மறுபடி ஆடினாள். மறுபடியும் தாங்கியது.

"போதும் குருந்தி, வந்துடு" என்றான் மஞ்சணன்.

அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

நாம் செய்ததைச் சோதிக்கும் வேலையை வெளியாரிடம் கொடுக்கலாம். எதைச் சோதிக்க வேண்டும் என்ற கவலையைக் கொடுத்துவிட முடியாது, ஏனென்றால் அறுந்து விழும்போது விழுவது நம் குஞ்சுகள்தான்.