சடைச்சியின் ஓலை வீடு

ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை பிறந்தும் விடவில்லை. காட்டோரக் கோயிலை ஒட்டிய இலுப்பைமரப் பொந்து ஒழுகியது. உள்ளே சடைச்சி என்ற அணிலின் மூன்று குட்டிகளும் நனைந்து நடுங்கின.

சடைச்சி போன பங்குனியில்தான் அந்தக் காட்டுக்கு வந்திருந்தது. பல காடுகளில் ஏமாந்து, அடிபட்டு, தானாகத் தலையெடுத்த அணில் அது. ஆகவே யாரையும் நம்பாது. எடுத்ததற்கெல்லாம் கோபம் வரும்.

கோயிலுக்கு முன்னால் ஒரு பனந்தண்டை நட்டு, அதைச் சுற்றிக் காய்ந்த ஓலைகளைக் கூம்பாகக் கட்டியிருந்தார்கள். மேலே எவ்வளவு மழை பெய்தாலும் உள்ளே சொட்டு ஈரமில்லை. உச்சியில் மாயாண்டிக் காகம் உட்கார்ந்திருந்தது. முதலில் பார்த்தது தானாம், அதனால் இடம் தன்னுடையதாம். குடிவர ஐந்து வேர்க்கடலை கேட்டது.

"அஞ்சா? ஓலைக்குடிசைக்கா? ஒண்ணு தாரேன்" என்றது சடைச்சி.

காகம் நான்கு என்றது, மூன்று என்றது. சடைச்சி போவதுபோல் வாலைத் திருப்பியது. கடைசியில் ஒன்றுக்கே படிந்தது.

"சரி தாயீ. ஆனா ஒரு விஷயம்..."

"வாயை மூடுண்ணே! 'ஒரு விஷயம்'னு ஆரம்பிச்சாலே விலை ஏறப்போகுதுன்னு அர்த்தம். இதெல்லாம் நான் எத்தனை பார்த்திருக்கேன்."

காகம் மறுபடி வாயெடுத்தது. சடைச்சி அதற்குள் கடலையை அதன் முன்னால் எறிந்துவிட்டுக் குட்டிகளைத் தூக்கிவர ஓடிவிட்டது.

குட்டிகள் ஓலைக்குள் கதகதப்பாகத் தூங்கின. நாலாம் நாள் மழை ஓய்ந்தது. சாயங்காலம் கோயிலில் கூட்டம் சேர்ந்தது. அகல்விளக்குகள் வரிசை கட்டின. வேகவைத்த பனங்கிழங்கு மணந்தது, வெல்லப்பாகில் பிடித்த பொரி உருண்டை மணந்தது. இத்தனை சாப்பாடு வாசலுக்கே வருகிற வீட்டை ஒரு கடலைக்கு முடித்தோமே என்று சடைச்சிக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போது மாயாண்டி பறந்து வந்தது. மிச்சக் கடலைக்குத்தான் வருகிறது என்று சடைச்சி சண்டைக்கு எழுந்தது. காகம் இந்த முறை பேச்சை வளர்க்கவில்லை. ஒரே வார்த்தைதான் சொன்னது.

"தீ!"

சடைச்சி எட்டிப் பார்த்தது. பூசாரி தீப்பந்தத்தோடு நேரே இந்த ஓலையை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு இலுப்பைக்கு ஓடியது. திரும்பி வந்து இரண்டாவதைத் தூக்கியது. மூன்றாவதற்குத் திரும்பியபோது ஓலையைச் சுற்றி ஒரே கால்கள். நுழைய வழியில்லை. பந்தம் ஓலைக்குக் கிட்டே வந்துவிட்டது.

மேலே காகம் கேட்டது: "நான் தூக்கி வரட்டுமா?"

அணில்குட்டியைக் கண்டால் காகம் என்ன செய்யும் என்று எந்த அணிலுக்கும் தெரியும். ஆனாலும் வாழ்க்கையில் முதல்தடவையாகச் சடைச்சி பேரம் பேசவில்லை.

"தூக்குண்ணே" என்றது.

காகம் ஓலைக்குள் பாய்ந்தது. அடியில் தீ பற்றியது. புகைக்குள்ளிருந்து காகம் வெளியே வந்தபோது அலகில் குட்டி தொங்கியது. அலகின் நுனியால் பதமாகப் பிடித்திருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. பொந்தில் இறக்கி வைத்ததும் குட்டி ஒரு தும்மல் போட்டது.

அந்தத் தும்மலைக் கேட்ட பிறகுதான் சடைச்சிக்கு மூச்சே வந்தது. எதிரே ஓலை வீடு வானம் முட்ட எரிந்தது.

"இதுக்கு என்ன வேணும்ணே? நீ கேக்கறதைத் தாரேன்."

"ஒண்ணும் வேணாம். அன்னிக்கு நான் சொல்ல வந்ததை இப்பவாவது கேளு. அதுக்குப் பேரு சொக்கப்பனை. வருஷா வருஷம் தீபத்தன்னிக்குக் கொளுத்திருவாங்க. 'தீபம் வரைக்கும்தான் இருக்கலாம், முன்னாடியே காலி பண்ணிரு'ன்னு சொல்ல வந்தேன். அதனாலதான் விலையும் குறைச்சல்."

சடைச்சி குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கடைசிவரை கேட்டது. பிறகு பொந்தின் மூலையிலிருந்து நான்கு கடலைகளை உருட்டி வந்து காகத்தின் முன்னால் வைத்தது.

விலையைக் குறைக்கத் தெரிந்தவன் கெட்டிக்காரன்தான். ஆனால் எதிரில் இருப்பவன் சொல்லி முடிக்கும்வரை காது கொடுக்கிறவனே பிழைப்பான்.