மூன்று மூட்டை மீசை

ரொம்பக் காலத்துக்கு முன்னே, கடலோரத்தில் வெள்ளலைப்பட்டினம் என்ற நாட்டை உறுதிவர்மன் என்றோர் அரசன் ஆண்டுவந்தான். உறுதியெல்லாம் பெயரோடு சரி. காலையில் போட்ட உத்தரவை மத்தியானச் சாப்பாட்டுக்குள் மாற்றிவிடுவான். ஆனால் எந்தச் சரக்கை எப்போது வாங்கலாம், எப்போது விற்கலாம் என்பதில் அவன் சூரன். அதனால் உப்புக் காய்ச்சுகிறவர் முதல் பூக் கட்டுகிறவர் வரை ஊர் ஜனங்கள் தங்கள் சேமிப்பை அவனிடம் கொடுத்துவைத்தார்கள். அவன் அதை ஒரே முதலாகச் சேர்த்து மிளகும் கற்பூரமும் வாங்கி விற்பான். லாபம் அவரவர் போட்டதற்கு ஏற்பப் பங்காகும்.

வாங்குவது அரசன், வந்த மூட்டையை நிறுப்பது, ஓலையில் எழுதுவது, பங்கு பிரிப்பது எல்லாம் அரண்மனைப் பண்டகசாலையின் நாற்பது ஆட்கள். அவர்களுக்குத் தலைவர் அமைச்சர் மருதவாணர்.

சபையில் குலோத்தமர் என்றொரு பிரபு இருந்தார். அவர் மீசையில் இரண்டு பக்கமும் எலுமிச்சம்பழத்தை நிறுத்தலாம். அமைச்சரைக் கண்டால் அவருக்கு ஆகாது. பெரிய கப்பல்கள் வர இன்னும் நான்கே நாள் இருக்கும்போது எழுந்தார்.

"அரசே, நாற்பது பேருக்குச் சோறு, துணி, கூலி! ஒரு கப்பல் சரக்கை எழுத ஒரு வாரம். அக்கரையில் ஒரு கணக்கர் கூடம் இருக்கிறது. ஒன்பது அரசர்களுக்குக் கணக்கு எழுதித் தருகிறார்கள். பாதிக் கூலி, ஒரே நாள்!"

"அது உங்கள் மைத்துனரின் கூடம்தானே?" என்றார் மருதவாணர்.

"இருந்தால் என்ன? மைத்துனர் எழுதினால் எழுத்து கோணிப்போகுமா?"

சபை சிரித்தது. அரசன் சிம்மாசனத்தை விட்டு இறங்கி நடந்தான். "சரி, அக்கரைக்கே கொடுத்துவிடுவோம்!" நான்கு எட்டு வைத்தான். "இல்லை, இருங்கள். தப்பு வந்தால்?"

"வராது அரசே. என் மீசைமேல் ஆணை!"

அரசன் திரும்பினான். "அமைச்சரே, மூன்று நாள் தருகிறேன். எது நல்லதென்று காட்டும். முடியாவிட்டால் உம் முத்திரை மோதிரம் குலோத்தமர் விரலுக்குப் போகும்."

மருதவாணர் பண்டகசாலைக்கு வந்தார். உட்கார முடியவில்லை. குலோத்தமர் சொன்னதில் பாதி உண்மை. அதுதான் அவரை அரித்தது. அவர் கண்ணெதிரேயே ஒருவன் எழுத்தாணியைப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். இவர்களை நம்பியா மோதிரத்தைப் பணயம் வைப்பது?

போன மாதக் கப்பலின் சரக்கு ஓலையை எடுத்தார். மிளகு, கற்பூரம், சந்தனம். கடைசியில் ஒரு வரியைத் தாமே சேர்த்தார். அதேபோல இன்னொரு ஓலை எழுதினார். ஒன்று கணக்கெழுதிப் பங்கு பிரித்துத் தரச்சொல்லி அக்கரைக்குப் படகேறியது. மற்றொன்று அதே வேலைக்குப் பண்டகசாலை ஆட்களிடம் உள்ளே போனது. யாரிடமும் மூச்சுவிடவில்லை.

மறுநாளே அக்கரை ஓலை திரும்பிவந்தது. முத்து முத்தான எழுத்து. படித்த அமைச்சருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை. நம் ஆட்களும் இதையே செய்தால்?

அன்று முழுக்க உள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை. மூன்று தரம் வாசல்வரை போய்த் திரும்பினார். இரண்டாம் நாளும் அப்படியே போனது. மூன்றாம் நாள் காலை, தராசுக்காரி பூங்காவி தும்மிக்கொண்டே வந்து நின்றாள். முழங்கைவரை மிளகுத்தூள். முகத்தில் கோபம்.

"ஐயா, மூணு மூட்டை மீசைன்னு இந்த ஓலையில போட்டிருக்கு. கிடங்கு பூரா தேடிட்டேன். மூட்டையும் இல்ல, மயிரும் இல்ல. எழுதறவங்களக் கேட்டா, 'ஓலையில இருக்கறத எழுதறோம், உனக்கென்ன'ங்கறாங்க. கண்ணால பார்க்காத சரக்குக்கு நான் எடைக்குறி போட மாட்டேன். வேணும்னா என்னை வேலையை விட்டு நிறுத்திக்குங்க."

அமைச்சருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "வா, சபைக்குப் போகலாம்."

சபையில் குலோத்தமர் முந்திக்கொண்டார். "ஒரே நாளில் வந்துவிட்டதல்லவா? எழுத்தழகைப் பாருங்கள் அரசே!"

"அழகுதான். நீங்களே உரக்கப் படியுங்களேன்" என்றார் மருதவாணர்.

குலோத்தமர் நெஞ்சை நிமிர்த்திப் படித்தார். "மிளகு, அறுபது மூட்டை. கற்பூரம், பன்னிரண்டு பெட்டி. சந்தனம், ஒன்பது கட்டு. குலோத்தமர் மீசை, மூன்று மூட்டை, நனையாதது. இதில் பங்குக்காரர்களுக்கு நூறு காசுக்கு அரைப்படி..." அவர் கை தானாக மீசைக்குப் போனது.

அரசன் அவர் மீசையைப் பார்த்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சட்டென்று சிரிப்பு நின்றது. "மீசைக்குப் பதில் இல்லாத மிளகை எழுதியிருந்தால்? ஜனங்கள் என் கழுத்தையல்லவா பிடிப்பார்கள்! அமைச்சரே, உம் ஆட்கள்?"

"முப்பத்தொன்பது பேர் இதையேதான் எழுதினார்கள் அரசே. அதுவும் இரண்டு நாள் எடுத்துக்கொண்டு. பிடித்தவள் இவள் ஒருத்திதான்." மருதவாணர் மறைக்கவில்லை. "எழுதுகிற கையைக் கூலிக்கு அமர்த்தலாம். அக்கரைக்காரர் வேகமாக எழுதட்டும். இந்த முப்பத்தொன்பது பேரும் எழுத்தாணியை வைத்துவிட்டுக் கிடங்கில் இறங்கி, சரக்கையும் ஓலையையும் ஒத்துப்பார்க்கட்டும். சந்தேகப்படுகிற கண் நம் வீட்டில் இருக்க வேண்டும். ஜனங்கள் நம்பிக் கொடுத்தது உங்களிடம். அக்கரையில் யார் இருக்கிறார்கள் என்றுகூட அவர்களுக்குத் தெரியாது."

அரசன் இந்த முறை நடக்கவில்லை. "அப்படியே ஆகட்டும். மோதிரம் உம்மிடமே இருக்கட்டும். குலோத்தமரே, தப்பு வராதென்று ஆணையிட்டீர். இனி துறைமுக வாசலில் நில்லும். பங்கில் சந்தேகம் என்று யார் வந்தாலும் நீரே பதில் சொல்லும். மீன்காரி வந்தாலும் சரி."

குலோத்தமர் ஓலையைச் சுருட்டி வைத்துவிட்டு வாசலை நோக்கி நடந்தார்.

அரசன் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிப் பூங்காவியிடம் நீட்டினான். "இனி நீதான் ஒத்துப்பார்க்கிறவர்களுக்குத் தலைவி."

அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். மாலையை வாங்கவில்லை.

"மாலை இருக்கட்டும் அரசே. இன்னும் ரெண்டு தராசு கொடுங்க. நாளைக்குக் கப்பல் வருது."