ஊரோடு வந்த பெயர்

முன்னொரு காலத்திலே, ராஜாவுக்குச் சலிப்புத் தட்டினால் நாட்டுக்கே கேடு என்றிருந்த நாளிலே, கீழைக்கடலில் ரியூக்யூ என்றொரு தீவு ராஜ்ஜியம் இருந்தது. அங்கே ஒரு வழக்கம். ராஜா எந்த ஊரை மானியமாகக் கொடுக்கிறாரோ, அந்த ஊரின் பெயர்தான் பிரபுவுக்கும் பெயர். ஊர் கைமாறினால் பெயரும் கைமாறிவிடும்.

ஹமாரா என்ற ஊரைப் பெற்று, ஹமாரா என்றே அழைக்கப்பட்ட பிரபு ராஜாவைச் சிரிக்க வைப்பதில் கெட்டிக்காரர். பக்கத்து ஆசனத்து மந்திரி தொனாரிக்கு அது பொறுக்குமா? வயிறு எரிந்தது மனிதருக்கு.

அந்த ராஜ்ஜியத்தை மிரட்டி வைத்திருந்த வடநாட்டு அதிபதி, ஆண்டுதோறும் ஒரு பிரபு வீட்டுப் பிள்ளையைப் பிணையாகக் கேட்பான். போன பிள்ளை எதுவும் திரும்பியதில்லை. தொனாரி ராஜாவின் காதைக் கடித்தார். "ஹமாராவின் தலைமகன் கப்பலேறுக" என்று ஆணை பிறந்தது. முத்திரை விழுந்த ஆணையை ராஜாவே மாற்ற முடியாது. ஹமாராவுக்கு இருந்ததோ தாரு என்ற ஒரே பையன்.

அவர் மனைவி மகாட்டு அன்று அடுப்பே பற்றவைக்கவில்லை. "ராஜாவைச் சிரிக்க வெக்கத் தெரியுது, பெத்த புள்ளையக் காப்பாத்த ஒரு வழி தெரியலையா?" என்று அழுதாள்.

மறுநாள் சபையில் ஹமாரா கைகூப்பினார். "மகாராஜா! வாரிசு போன பின் அடியேனுக்கு ஊர் எதற்கு? விசுவாசமுள்ள தொனாரிக்கே அதை அளித்தருள வேண்டும்."

தொனாரி ஒரு நொடி யோசித்தாரா? இல்லையே! நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வாங்கிக்கொண்டார்.

கப்பல் புறப்படும் நாளில் ராஜாவும் துறைமுகத்துக்கு வந்தார். கட்டியக்காரன் ஆணையைப் படித்தான். "ஹமாராவின் தலைமகன் வரட்டும்!"

"மகாராஜா, ஹமாரா இப்போது இவரல்லவா? அடியேன் பெயரில்லாதவன்" என்று தொனாரியைக் காட்டினார் நம்மவர்.

காவலர் தொனாரியின் மகனைப் பிடித்தார்கள். அந்தப் பையன் "அப்பா!" என்று அலறியபோது நம்மவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ராஜாவுக்கோ வயிறு வலிக்கச் சிரிப்பு. "பலே, பலே! இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று! இதற்குப் பரிசு தராவிட்டால் நான் என்ன ராஜா? உமது ஊரை நீரே பிடியும். பெயரும் உமக்கே!"

"ஐயோ மகாராஜா, பரிசு வேண்டாம்..."

"ராஜா கொடுப்பதை மறுப்பதா?"

கட்டியக்காரன் மறுபடி படித்தான். "ஹமாராவின் தலைமகன் வரட்டும்!" காவலர் தொனாரியின் மகனை விட்டுவிட்டுத் தாருவின் கையைப் பிடித்தார்கள்.

ராஜா சிரித்தபடியே பல்லக்கில் ஏறினார். நல்ல ராஜா, நல்ல பரிசு!

கப்பல் கண்ணுக்கு மறைந்த பிறகு மகாட்டு கணவர் பக்கம் திரும்பினாள். "இன்னிக்கி ஒரு நாளாவது அவரைச் சிரிக்க வெக்காம இருந்திருக்கக் கூடாதா?"