உம் கொட்டிய முயல்

நெட்டைக்காதன் என்னும் முயலுக்குக் கதை என்றால் உயிர். கதை தொடங்கிவிட்டால், வாயில் வைத்த கிழங்கை மெல்லவும் மறந்துவிடும்.

அந்தக் காட்டில் கதை சொன்னது பவளவாயன் என்னும் கிளி. முன்பு நகரத்தில் நூலகச் சன்னலிலும், திரையரங்கக் கூரையிலும், வீடியோ கேம் கடையின் கூண்டிலும் மாறி மாறி வாழ்ந்த கிளி அது. ஆகவே அதன் கதையில் வரும் இளவரசன் மூன்று பக்கம் அழுவான். திடீரென்று எழுந்து பாட்டுப் பாடி ஆடுவான். செத்துப்போனால் மறுபடியும் முதலிலிருந்து ஓடுவான்!

"கேட்பவர் உம் கொட்ட வேண்டும். உம் இல்லையேல் கதை இல்லை!" என்பது கிளியின் கட்டளை.

மற்ற விலங்குகள் சற்று நேரம் உம் கொட்டிவிட்டு இரை தேடப் போய்விடும். நெட்டைக்காதன் மட்டும் பொழுது சாயும் வரை கண்ணை மூடிக்கொண்டு அமர்ந்திருக்கும்.

ஒருநாள் அதன் மனைவி தும்பை ஓடி வந்தது.

"என்னங்க! வளைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது!"

"உம்."

"பிள்ளைகள் பசியால் அழுகின்றன!"

"உம்."

"நான் என் தாய்வீட்டுக்கே போகிறேன்!"

"உம்… உம்… பிறகு?"

இதை ஒரு நரி புதரிலிருந்து கேட்டது. அந்தக் காட்டில் ஒரு சட்டம் இருந்தது. உண்ணப்படுபவரின் சம்மதம் இல்லாமல் எவரும் எவரையும் உண்ணக் கூடாது. அதனால் அங்கே நரிகள் எல்லாம் எலும்பும் தோலுமாகவே திரிந்தன.

தும்பை சலித்துக்கொண்டு வளைக்கே திரும்பியதும், நரி முயலின் காதருகே குனிந்தது. "முயலாரே! நாளைக் காலை உணவுக்குத் தங்களை நான் உண்ணலாமா?"

"இளவரசன் குதிரைமேல் ஏறினான்…" என்றது கிளி.

"உம்!" என்றது முயல்.

"ஆகா! கிளியே, நீதான் சாட்சி!" என்று நரி துள்ளியது.

மறுநாள் காலையில் நரி வாழையிலையும் கையுமாக வளை வாசலில் வந்து நின்றது. தும்பை நடுங்கியது. நெட்டைக்காதனோ சிரித்தது.

"ஏன் அஞ்சுகிறாய், தும்பை? கதையில் வரும் இளவரசனைப் போல எனக்கும் மூன்று உயிர் உண்டு. ஒன்று போனால் முதலிலிருந்து தொடங்குவேன்!"

"அட அறிவு கெட்டவரே! உங்களுக்கு இருப்பவை மூன்று உயிர்கள் அல்ல, மூன்று பிள்ளைகள்! உயிர் ஒன்றே ஒன்றுதான்!"

அப்போதுதான் முயலுக்கு நிலைமை உறைத்தது. வழக்கு, காட்டின் நடுவரான கரடியாரிடம் சென்றது. கிளியும் நடந்ததை மறைக்காமல் சொன்னது.

"சொன்ன சொல் சொன்னதுதான். நரியே, இலையைப் போடு!" என்றார் கரடியார்.

"ஐயா, சற்றுப் பொறுங்கள்!" என்று தும்பை முன்னே வந்தது. "பவளவாயா, நேற்று விட்ட இடத்திலிருந்து கதையைச் சொல்."

கிளிக்குப் பெருமை தாங்கவில்லை. "குதிரை பறந்தது! கீழே ஏழு கடல்கள்…"

நடுங்கிக்கொண்டிருந்த நெட்டைக்காதனின் கண்கள் மெல்ல மூடின. "உம்…"

தும்பை கேட்டது: "என்னங்க, நீங்கள் யானையா?"

"உம்!"

"கரடியார் உங்கள் மாமியாரா?"

"உம்!"

கூடியிருந்த விலங்குகள் எல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. கரடியார் மட்டும் சிரிக்கவில்லை.

"நரியாரை நீங்கள் உண்ணப் போகிறீர்களா?"

"உம்! உம்!"

நரி இரண்டடி பின்னால் குதித்தது.

"போதும்!" என்று கரடியார் உறுமினார். "இந்த முயலின் சொல் சொல்லே அன்று, வெறும் ஓசை. ஓசையை நம்பி எவரையும் உண்ண முடியாது. இனி இக்காட்டில் இதன் சொல் எதற்கும் செல்லாது. வழக்குத் தள்ளுபடி!"

நரி இலையைச் சுருட்டிக்கொண்டு நடந்தது. நெட்டைக்காதன் உயிர் பிழைத்தது. ஆனால் மறு வாரம் ஆற்றங்கரைப் புல்வெளியைப் பங்கிட்டபோது, "எனக்கும் ஒரு பங்கு!" என்று அது கண்ணை அகல விழித்துக்கொண்டு கத்தியது.

"ஏதோ ஓசை கேட்கிறதே!" என்றது மான்.

"காற்றாக இருக்கும்," என்றது காட்டுப்பன்றி.

கதைக்கு உம் கொட்டுதல் இனிதே. ஆயினும், கண்ணை மூடிக்கொண்டு வாழ்வுக்கும் உம் கொட்டுபவர், உயிர் தப்பினாலும் தம் சொல்லின் மதிப்பை இழப்பர்.