இன்னொரு பெட்டி

“பன்னிரண்டு இஞ்ச்சும் பத்தலை மாஸ்டர்.”

வையாபுரி கடை பெஞ்சில் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே சொன்னார்.

பிலோமினா கிழிந்த ஸ்பீக்கர் ஒன்றின் காகிதக் கூம்பை ஒட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

திண்டுக்கல்லில் ஸ்பீக்கர் கட்டுகிறவர்கள் எல்லோரும் அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வயது முப்பத்தைந்து. வையாபுரிக்கு அறுபத்து மூன்று. சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். தாலுகா முழுக்கச் சங்கிலி போட்டு அளந்த மனுஷன், மகள் வயதுப் பெண்ணிடம் பாடம் கேட்கிறார் என்று தெரிந்தால் ஊர் சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும். அவரிடம் முகம் கொடுத்துப் பேச அந்த ஒரு கடைதான் இருந்தது.

“எட்டு போட்டேன். பத்து போட்டேன். இப்ப பன்னிரண்டு. ஊஃபர் ஸ்பீக்கர் பெரிசானா பெட்டியும் பெரிசாகணும்னீங்க. அதையும் செஞ்சேன். எறும்பு நுழைய வழியில்லாம மூலையெல்லாம் அடைச்சிருக்கேன். தவில் அடிச்சா நெஞ்சில வந்து விழணும். விழ மாட்டேங்குது.”

“எங்க உட்கார்ந்து கேக்கறீங்க சார்?”

“ஹால் நடுவுல. என் நாற்காலியில.”

“எத்தனை வருஷமா?”

“வீடு கட்டினதுல இருந்து. இருபத்தெட்டு வருஷம்.”

“இப்ப என்ன வேணும்?”

“பதினஞ்சு இஞ்ச் ஒண்ணு குடுங்க. வீடு நிறையணும் மாஸ்டர். காலையில எந்திரிச்சா வெறிச்சோடிக் கிடக்குது.”

வீடு வெறிச்சோடிப் பத்து மாதம் ஆகியிருந்தது. மகளின் பிரசவத்துக்கு ஓசூர் போன அவர் மனைவி தெய்வானை, ரெண்டே மாசம் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். பேத்தி குப்புற விழுந்தாள், உட்கார்ந்தாள், இப்போது தவழ்கிறாள். தெய்வானை மட்டும் திரும்பி வரவில்லை. சண்டையா என்றால் அதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் போன் செய்வாள். இவர் பக்கத்தில் தவில் முழங்கிக்கொண்டிருக்கும். “சத்தமா இருக்கு, அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிடுவாள். அப்புறம் என்றால் அடுத்த ஞாயிறு.

பிலோமினா பசை பிரஷைக் கீழே வைத்தாள்.

“உங்ககிட்ட மொத்தம் எத்தனை பெட்டி சார்?”

“ஒண்ணுதான். பழசையெல்லாம் பிரிச்சுத்தான் புதுசு செஞ்சேன்.”

“ரெண்டு.”

“ஒண்ணுதான் மாஸ்டர்.”

“இன்னொண்ணுலதான் நீங்க குடியிருக்கீங்க. ஊரையெல்லாம் அளந்தவர், அதை அளக்கலையா?”

வையாபுரிக்கு விளங்கவில்லை. விளங்காதபோது தலையாட்டுகிற பழக்கம் ஆபீஸிலிருந்தே இருந்தது. தலையாட்டினார்.

“பதினஞ்சு தர்றேன்,” என்றாள் பிலோமினா. “அதுக்கு முன்னாடி ஒரு வேலை செய்ங்க. இருக்கற பெட்டியைத் தூக்கி உங்க நாற்காலியில உட்கார வைங்க. அதே தவிலைப் போடுங்க. நீங்க கீழ இறங்கி வீடு பூராவும் தவழுங்க. எந்த இடத்துல தவில் நெஞ்சில விழுதோ, அங்க சாக்பீஸால ஒரு கோடு போட்டுட்டு வந்து சொல்லுங்க.”

“தவழணுமா?”

“காது உட்கார்ந்த உயரத்துல இருக்கணும்.”

“கீழ உட்கார்ந்தாலே எனக்கு எந்திரிக்க முடியாது மாஸ்டர். முட்டி ரெண்டும் போச்சு.”

“பதினஞ்சு இஞ்ச் பெட்டியத் தூக்கினா இடுப்பும் போயிடும். எது வேணும்?”

மறுநாள் சனிக்கிழமை. காலைக் காப்பியைக் குடித்துவிட்டு, வாசல் கதவைத் தாழிட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வையாபுரி தரையில் இறங்கினார். ஓசூரில் பேத்தி தவழ்ந்தாள். திண்டுக்கல்லில் தாத்தா தவழ்ந்தார்.

நாற்காலியில் பெட்டி அவரைப்போலவே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

ஜன்னலடியில் தவில் மெலிந்து கேட்டது. சாமி அலமாரிப் பக்கம் பரவாயில்லை. மகளின் அறை வாசலில் இன்னும் கொஞ்சம் கூடியது. ஹாலிலிருந்து சமையலறைக்குக் கதவு கிடையாது, வெறும் வழிதான். அதற்குள் நுழைந்தார். கிரைண்டருக்கும் சுவருக்கும் நடுவே, மூலையில், ஒரு தாழ்வான முக்காலி கிடந்தது. காய் நறுக்க, கீரை ஆய, சும்மா இருக்க, எல்லாவற்றுக்கும் தெய்வானை உட்காருகிற முக்காலி.

அங்கே விழுந்தது தவில். நெஞ்சில் விழுந்தது, முதுகில் விழுந்தது, பல்லில்கூட விழுந்தது.

வையாபுரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சாக்பீஸ் கோட்டைப் போட்டுவிட்டு, தட்டுத்தடுமாறி முக்காலியில் ஏறி உட்கார்ந்தார். இத்தனை நாள் இங்கே ஒளிந்திருந்தாயா என்று தவிலைக் கேட்டார்.

கால் மணி நேரத்தில் தலை வலித்தது. அரை மணி நேரத்தில் எப்போது முடியும் என்று இருந்தது.

இத்தனை வருஷம் இங்கே எப்படிக் கேட்டிருக்கும் என்று சந்தேகம் வந்து, சுவரைப் பிடித்து எழுந்து போய், பெட்டியை அது வழக்கமாக நிற்கிற இடத்தில் வைத்து, மறுபடி வந்து உட்கார்ந்து பார்த்தார். இன்னும் மோசமாக இருந்தது. உட்கார முடியவில்லை.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. இந்த அதிர்வுக்கு எதிரே இருக்கிற பாத்திர அலமாரி கலகலத்துப் போக வேண்டும். அது வாயே திறக்கவில்லை.

கையை நீட்டி ஒரு தட்டை எடுத்தார். அடியில் மடித்த துணி. அடுத்த தட்டின் அடியிலும் துணி. டம்ளர்களுக்கு நடுவில், பருப்பு டப்பாக்களின் அடியில், மூடிகளின் இடுக்கில், எங்கே தொட்டாலும் துணி. அவருடைய பழைய வேட்டியைக் கிழித்து அளவு பார்த்து மடித்து வைத்திருந்தாள் தெய்வானை. பல துணிகள் பழுத்து விறைத்திருந்தன. ஒரு துணியை உருவினார். தட்டு கிடந்து துடித்தது. அவசரமாகத் திரும்ப வைத்தார்.

“கொஞ்சம் குறைங்களேன்” என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது. “உனக்கு ரசனை பத்தாது” என்று தான் சொன்னதும் ஞாபகம் வந்தது. சொல்வதை அவள் எந்த வருஷம் நிறுத்தினாள் என்பது மட்டும் எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

வெட்கமாக இருந்தது. அதைச் சொல்வதற்கும் வீட்டில் ஆள் இல்லை.

சாயங்காலம் கடைக்குப் போனார். இந்தத் தடவை பெஞ்சில் உட்கார்ந்தார்.

“இடம் கிடைச்சுதா சார்?”

“கிடைச்சுது.”

“எங்க?”

“சமையக்கட்டு மூலையில. கிரைண்டர் பக்கத்துல.”

“அப்ப பெட்டியை அங்க கொண்டுபோய் வைங்க. நாற்காலியில இருந்து அங்க விழுந்தா, அங்க இருந்தும் நாற்காலிக்கு அப்படியே விழும். எட்டு இஞ்ச்சே வந்து இடிக்கும். பதினஞ்செல்லாம் வேண்டாம்.”

“அங்க வைக்க முடியாது மாஸ்டர். அது ஒருத்தர் உட்கார்ற இடம்.”

பிலோமினா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“உட்கார்ந்திருந்த இடமா, உட்கார்ற இடமா?”



அவள் மறுபடி பசை பிரஷை எடுத்தாள்.

“வீடு நிறையறதுக்கு என்ன பண்றது மாஸ்டர்?”

“நான் ஸ்பீக்கர் கட்டுறவ சார்,” என்றாள் பிலோமினா.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் போன் வந்தது.

“என்னங்க, தவில் சத்தத்தையே காணோம். உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கேன்.”

“பெட்டி கெட்டுப்போச்சா?”

“இல்ல.”

“பின்ன?”

“உன் முக்காலியில உட்கார்ந்திருக்கேன்.”

அந்தப் பக்கம் பேத்தி எதையோ தரையில் தட்டிக்கொண்டிருந்தாள்.

“நேத்தும் உட்கார்ந்தேன்,” என்றார் வையாபுரி. “பாட்டு ஓடறப்ப.”

வழக்கமாக அவள் போனை வைக்கிற நேரம் எப்போதோ தாண்டியிருந்தது.

“தெய்வானை.”

“இருக்கேன்.”

பத்து மாதத்தில் முதல் தடவையாக அவள் மூச்சுவிடுவதுகூடக் கேட்டது.

“அது ரொம்பத் தாழ்வான முக்காலிங்க,” என்றாள் தெய்வானை. “உட்கார்ந்தா எந்திரிக்க மாட்டீங்களே. யாரு தூக்கி விடுவா?”