ராஜா சுவரைப் பார்த்து நின்ற ஒத்திகை

ஆறு இப்போது ஓடுகிற பக்கம் ஓடாமல் வேறு பக்கம் ஓடின காலத்தில், மேலாற்று நாட்டை விசயமாறன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, சாயங்காலம் ஒரு புத்தி.

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் இருந்தது. ராஜாவின் முகத்துக்கு யாரும் முதுகு காட்டக் கூடாது. சபை கலைந்தால் கையைக் கூப்பிக்கொண்டு, அவரைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து போய்த்தான் வாசலைத் தாண்ட வேண்டும். இதையெல்லாம் கவனிக்கிறதுக்கென்றே பட்டாபிராயர் என்று ஒரு மரியாதைக் காரியக்காரர் இருந்தார். போன வருஷம் ஒரு கணக்கப்பிள்ளை வயிற்று வலியில் சட்டென்று திரும்பி ஓடினான். பட்டாபிராயர் கோள் சொல்லி, அவனை ஊரை விட்டே அனுப்பிவிட்டார்.

ஒரு நாள், பக்கத்து நாட்டு அரண்மனையில் தீப்பிடித்து பாதிச் சபை வெந்துபோனதாக சேதி வந்தது. ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"நம்ம மண்டபத்தில் தீப்பிடிச்சா என்ன செய்வோம்? கொளுத்திப் பார்த்துடலாமா?" என்றார்.

"கொளுத்த வேண்டாம் அரசே. பிடித்த மாதிரி வைத்து ஒத்திகை பார்ப்போம்," என்றார் மந்திரி நல்லழகர்.

நல்ல பேரெல்லாம் அமைச்சருக்குப் போய்விடுமே என்று பட்டாபிராயர் முந்திக்கொண்டார். "அதை அடியேன் நடத்துகிறேன் மகாராஜா!"

நடத்தினார். நல்ல நாள் பார்த்து, முன்கூட்டியே தண்டோரா போட்டு, மேளம் வைத்து நடத்தினார். ராஜா தோட்டத்தில் குடைக்குக் கீழே உட்கார்ந்து பார்த்தார். "தீ!" என்றதும் புதுப் பட்டு உடுத்தின சபையார் வரிசையாக வெளியே வந்தார்கள். ஒருத்தர் தலைப்பாகை கூட நலுங்கவில்லை. ராஜா கை தட்டினார்.

நல்லழகர் மட்டும் தட்டவில்லை.

"என்ன ஓய், பொறாமையா?" என்றார் பட்டாபிராயர்.

"இல்லையய்யா. அரசே, நிஜமாகத் தீப்பிடிக்கிற அன்றைக்கு நீங்கள் தோட்டத்திலா இருப்பீர்கள்? நீங்கள் உள்ளே இருந்தால் இதில் ஒருத்தரும் தப்ப மாட்டார்கள். நீங்களும்தான்."

ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்படியா? நீரே ஒரு ஒத்திகை நடத்தும். நான் உள்ளே இருக்கிறேன். இவர்கள் ஒழுங்காக வெளியே வந்துவிட்டால், உம்ம பதவியும் போச்சு. குடும்பத்தோடு நாட்டை விட்டும் போகணும்."

"சம்மதம். ஆனால் என்றைக்கு என்று சொல்ல மாட்டேன்."

நாலைந்து நாள் போயிற்று. ஒரு மத்தியானம், சபை கூடியிருக்கும்போது சமையல்காரர் ஒருத்தர் கங்குச் சட்டியைத் தூக்கிவந்து தூணுக்குப் பின்னால் வைத்தார். அதில் ஒரு கூடை மிளகாய் வற்றலைக் கொட்டிவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிப் போனார்.

நெடி எழும்பினது பாருங்கள்! எல்லாருக்கும் கண் எரிந்தது. தும்மலும் இருமலும்தான்.

"தீ! எல்லாரும் வெளியே!" என்று கூவினார் நல்லழகர்.

எழுந்தார்கள். கையைக் கூப்பினார்கள். ராஜாவைப் பார்த்தபடியே பின்னால் நடந்தார்கள்! முதலில் போன தானதரும அதிகாரி நிலைப்படி தடுக்கி மல்லாந்தார். அவர் மேல் சேனாபதி. சேனாபதி மேல் ஜோசியர். இருக்கிற ஒரே வாசலில் ஆள் மேல் ஆளாகக் குவிந்துவிட்டது. அந்தக் குவியலுக்கு உச்சியில் பட்டாபிராயர், அப்பவும் கூப்பின கையோடு.

ராஜா தும்மிக்கொண்டே, "திரும்பி ஓடுங்கய்யா! எனக்கு வழி விடுங்க!" என்று கத்தினார்.

"யாரும் திரும்பாதீங்க! மகாராஜா நம்மைச் சோதிக்கிறார்!" என்று பட்டாபிராயர் கத்தினார். கணக்கப்பிள்ளை கதி எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. ஒருத்தரும் திரும்பவில்லை.

நல்லழகர் ஈரத் துண்டை ராஜா முகத்தில் வைத்து, காதுகிட்ட சொன்னார்: "அரசே, நீங்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி நில்லுங்கள்."

"நானா? சுவரையா?"

"உங்கள் முகத்துக்குத்தானே முதுகு காட்டக் கூடாது? முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்."

ராஜா திரும்பினார். அவ்வளவுதான். பின்னால் தடதடவென்று ஒரே சத்தம். சத்தம் அடங்கித் திரும்பிப் பார்த்தால், மண்டபத்தில் இவர்கள் ரெண்டே பேர்.

"எல்லாரும் போயிட்டாங்களா? பட்டாபிராயருமா?"

"அவர்தான் முதல் ஆள் அரசே."

ரெண்டு பேரும் முற்றத்துக்கு வந்தார்கள். கண்ணைக் கசக்கிக்கொண்டே பட்டாபிராயர் ஓடி வந்தார். "மகாராஜா! எல்லாரும் வெளியே வந்துட்டோம். அமைச்சர் தோத்துட்டார்!"

ராஜா மூக்கைத் துடைத்துக்கொண்டார். "வந்தது உம்ம மரியாதையாலயா, என் முதுகாலயா?"

ராஜா மந்திரி பக்கம் திரும்பினார்.

"நல்லழகரே, உம்ம பதவி உமக்குத்தான். இன்னும் என்ன வேணும், கேளும்."

"மண்டபத்துக்கு இன்னொரு வாசல் வேணும் அரசே. ஆபத்து வந்தால் யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம் என்று உத்தரவு வேணும். அந்தக் கணக்கப்பிள்ளையும் திரும்பி வரட்டும்."

மூன்றும் கிடைத்தது. பட்டாபிராயருக்கும் ஒன்று கிடைத்தது. மாசத்துக்கு ஒரு தடவை, சொல்லாமல் கொள்ளாமல் வந்து, சபை நடுவில் ராஜாவைப் பார்த்து "ஏய், எழுந்து ஓடு!" என்று அவர் கத்த வேண்டும்.

முதல் மாசம் வந்து நின்றார். வேர்த்துக் கொட்டியது. "மன்னிக்கணும் மகாராஜா... அடியேன் சொல்றேன்னு நினைக்கக் கூடாது..."

"வெந்துட்டேன்," என்றார் ராஜா. "போய்ப் பழகிட்டு வாரும்."

அடுத்த மாசம், "ஏய்... மாட்சிமை பொருந்திய..." வரைக்கும் வந்தது.

"கரிக்கட்டை ஆயிட்டேன். போம்."

மூன்றாம் மாசம் கதவை உதைத்துக்கொண்டு வந்தார். "ஏய் மாறா! உட்கார்ந்து என்னத்தைப் பார்க்கிறே? எழுந்து ஓடுடா!" ராஜா செருப்பை விட்டுவிட்டு ஓடினார். சபையும் ரெண்டு வாசலிலும் பிரிந்து ஓடியது. ஒருத்தரும் விழவில்லை.

முற்றத்தில் மூச்சு வாங்க நின்ற ராஜா, தயங்கித் தயங்கி வந்த பட்டாபிராயர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்பத்தான்யா நீர் எனக்கு மரியாதை செய்தீர்," என்றார்.