விஷ்ராம் சொல்ல மறந்த தனகோட்டி

தனகோட்டி வாயைத் தொறந்தா காக்காகூடக் கரையறதை நிறுத்திட்டுக் கேக்கும். நம்பாது, ஆனா கேக்கும். 'கரகரத் தவளைகள்'னு ஒரு கேலி ராக் கோஷ்டி வெச்சிருந்தான். லுங்கி மேல கோட்டு, கழுத்துல கிட்டார், பாட்டெல்லாம் ஊசிப்போன சாம்பாரைப் பத்தி.

சித்திரை வெயில்ல அன்னிக்கு மட்டும் பய மாட்டிக்கிட்டான். வேலூர்ப் பக்கத்துல அவன் ஊர்ல வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளம். அவன் உசுரையே வெச்சிருந்த நிர்மலாவோட அப்பா, ரிட்டையரான சுபேதார் மாசிலாமணி, அவனைத் தேடி ஏகாம்பரம் டீக்கடைக்கே வந்துட்டார்.

"கூத்தடிக்கிறவனுக்கு நான் ஏன் பொண்ணு குடுக்கணும்? ஒரு காரணம் சொல்லு."

"உக்காருங்க மாமா."

"இன்னும் மாமா ஆவலை." அவர் நின்னுகிட்டேதான் இருந்தார்.

தனகோட்டி லுங்கியை இறுக்கிக் கட்டிக்கிட்டான். "பட்டாளத்துப் பாட்டுக்குழுகூட ஒரே மேடையில வாசிச்சவன் நான்! எல்லாம் கம்பி மீசைக்காரங்க. 'ஆ...'ன்னு ஒரு இழுப்பு இழுத்தாங்க பாருங்க, பந்தல் பிச்சிக்கினு போயி ஆரணியில விழுந்துச்சு. அங்க ஒரு குடும்பம், வந்தது வரட்டும்னு அதுக்கடியிலயே கல்யாணத்தை முடிச்சிட்டாங்க."

"சாப்பாடும் பந்தலோட பறந்துச்சா?"ன்னார் ஏகாம்பரம், டீ ஆத்திக்கிட்டே.

"குறுக்கப் பேசாதண்ணே! பாதிப் பாட்டுல என் கிட்டார் கம்பி அறுந்துபோச்சு. ஹவில்தார் ஒருத்தர் மீசையில ஒரு முடியைப் பிடுங்கி மாட்டினேன். மின்சாரம் இல்லாமலே அலறிச்சு! ஓரமா நின்ன பீரங்கியெல்லாம் தலையாட்டுச்சு."

"பீரங்கிக்குத் தலை ஏதுடா?"ன்னார் ஏகாம்பரம்.

"அப்ப மூக்கை ஆட்டுச்சு!"

சுபேதார் முகத்துல ஒரு அசைவும் இல்லை. தனகோட்டி இருக்கறதுலயே பெரிய புளுகை எடுத்து விட்டான்.

"கடைசியா, சும்மா கேலிக்கு மைக்குல 'சாவ்தான்!'னு, அதான் அட்டென்ஷன்னு, கத்தினேன். அவ்ளோதான். அத்தினி பேரும் விறைச்சு நின்னுட்டாங்க. பறந்த காக்கா வானத்துலயே நின்னுச்சு. பெரிய ஆபீசருக்கு ஊத்தின டீ பாதியில தொங்குச்சு, கப்புல விழலை. 'விஷ்ராம்'னு சொன்னாத்தானே பட்டாளத்துக்காரன் அசைவான்? நான் மறந்துட்டு ரயிலேறிட்டேன். இன்னிக்கும் அங்கயே நிக்கிறாங்க. மீசையில குருவி கூடு கட்டியிருக்குதாம்!"

ஏகாம்பரம் தலையில அடிச்சுக்கிட்டார். "கேக்கறவன் கேனையனா இருந்தா..."

"அவனை ஒண்ணும் சொல்லாத"ன்னார் சுபேதார். கடையே அவரைப் பாத்துச்சு. "அந்த மூணாவது வரிசை, இடது ஓரத்துல நின்னவன் நான்தான். இந்தப் பய விஷ்ராம் சொல்லவேயில்ல. நான் ரிட்டையரானது நின்னுகினே, தூங்கறது நின்னுகினே. பெஞ்சைப் பாத்தா ஏக்கமா கீது. இப்பவாவது சொல்லித் தொலைடா."

தனகோட்டிக்குச் சந்தோஷம் தாங்கலை. வாழ்க்கையில மொத தடவையா ஒருத்தர் அவன் சொன்னதை நம்பிட்டார், அதுவும் மாமனார்!

"விஷ்ராம்!"னு கத்தினான்.

சுபேதார் 'அப்பாடா'ன்னு உக்காந்தார். டீ வாங்கி நிதானமா ஒரு வாய் குடிச்சார்.

"அப்ப கல்யாணம் மாமா?"

"சாவ்தான்!"

தெருவே அதிர்ந்துச்சு. தனகோட்டி தன்னையறியாம விறைச்சு நின்னுட்டான்.

"சட்டம் நீ சொன்னதுதான். விஷ்ராம் கேக்காம அசையக் கூடாது. நிர்மலா வந்து சொல்லுவா, அதுவரைக்கும் அசையாம நின்னீன்னா பொண்ணு உனக்கு."

ஏகாம்பரம் மெதுவாக் கேட்டார், "அந்தப் பொண்ணு பெங்களூர்லதானே வேலை செய்யுது?"

"ஆமா"ன்னு துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டார் சுபேதார். "தீபாவளிக்கு வருவா."